கிரீடன்ஸ்: கொடுப்பதா, கடன் தருவதா?

4 ஆகஸ்ட், மாலை 6.10 (கேள்வி)

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் அண்ணா. மாதிரித் தாளில் ஒரு கோடிட்ட இடம்: ‘தி நியூ எவிடென்ஸ் ____ கிரீடன்ஸ் டு ஹிஸ் ஸ்டோரி.’ கிரீடன்ஸ் என்றால் நம்பிக்கை என்று தெரியும். நான் ‘கிவ்ஸ்’ போட்டேன். விடைத்தாளில் ‘லெண்ட்ஸ்’ என்று இருக்கிறது. ‘பாரோஸ்’, ‘டேக்ஸ்’ மற்ற இரண்டு. நம்பிக்கையைக் கொடுப்பதற்கும் கடனாகத் தருவதற்கும் என்ன வித்தியாசம்? கிரெடிபிலிட்டி என்று ஒரு சொல் இருக்கும்போது இது எதற்கு?

4 ஆகஸ்ட், இரவு 9.45

விடைத்தாள் சரி. ஆள் ‘கிவ்’ செய்வார், பொருள் ‘லெண்ட்’ செய்யும். நீதிபதி சாட்சியின் பேச்சுக்குக் கிரீடன்ஸ் கொடுக்கிறார் என்றால், அவர் அதை நம்புகிறார். கைரேகை அதே பேச்சுக்குக் கிரீடன்ஸ் ‘லெண்ட்’ செய்கிறது என்றால், நம்பும்படி ஆக்குகிறது. கைரேகைக்கு மனசு கிடையாது, அதனால் எதையும் நம்ப முடியாது. அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போ தம்பி.

5 ஆகஸ்ட், காலை 6.30

உன்னை அடுத்த கேள்விக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். எழுந்ததும் அகராதியைப் புரட்டினேன். ‘கிவ்’, ‘லெண்ட்’ இரண்டையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளிலும் சான்று, ஆய்வு, அறிக்கை எல்லாம் தாராளமாகக் கிரீடன்ஸை ‘கிவ்’ செய்கின்றன. ஆக நேற்று இரவு நான் சட்டம் போலச் சொன்னது சட்டம் இல்லை, பழக்கம். உன் விடையைத் தவறு என்று சொல்ல முடியாது. மதிப்பெண் போனது போனதுதான், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் பழக்கத்திலும் ஒரு திசை இருக்கிறது. ‘லெண்ட்’ ஒரு பக்கம்தான் போகும். ஓர் ஆள் உட்கார்ந்து ஒரு வதந்தியை நம்புவதை ‘லெண்ட்’ என்று எழுதினால் காதில் உறுத்தும். ‘கிவ்’ இரண்டு பக்கமும் போகும். தேர்வில் சான்று எழுவாயாக வந்தால் ‘லெண்ட்’ போடு. வீட்டில் எதையாவது போட்டுக்கொள்.

5 ஆகஸ்ட், காலை 6.42

கடன் விஷயம் விட்டுப்போனது. இந்த ‘லெண்ட்’ திரும்ப வாங்கும் கடன் இல்லை. ‘லெண்ட் எ ஹேண்ட்’ என்றால் கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதா? ஒன்று தன்னிடம் உள்ள குணத்தை இன்னொன்றில் ஏற்றுவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘லெண்ட்’ நெடுநாளாக இருக்கிறது. பட்டுச்சேலை விழாவுக்குக் களை சேர்ப்பது மாதிரி. தமிழில் இந்த இடத்தில் நம் கைக்கு வருவது ‘சேர்’ என்ற வினைதான். வலு சேர்க்கிறது. மெருகு சேர்க்கிறது.

7 ஆகஸ்ட், இரவு 11.20

‘வலு சேர்க்கிறது’ என்று எழுதியதும் ஒரு பழைய காயம் ஞாபகம் வந்தது. சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாளிதழில் இரவுப் பணி. ஆங்கிலச் செய்திகள் நீளக் காகிதத்தில் வந்து விழும், கிழித்துக் கிழித்து மொழிபெயர்க்க வேண்டும். ஓர் அமைச்சர் பதவி விலகப் போகிறார் என்று இரண்டு நாளாகப் பேச்சு. அன்று அவர் ஒரு கூட்டத்துக்குப் போகவில்லை. செய்தியில், அவர் வராதது அந்தப் பேச்சுக்குக் கிரீடன்ஸ் ‘லெண்ட்’ செய்தது என்று ஒரு வரி. பக்கம் மூடும் நேரம், அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து தலைமேல் நிற்கிறார். நான் ‘விலகல் உறுதியானது’ என்று எழுதிவிட்டேன். தலைப்பிலும் அதுவே ஏறியது.

மறுநாள் அமைச்சர் வந்தார். காய்ச்சலாம். வந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் பல மாதம் போட்டார்.

செய்தி ஆசிரியர் திட்டவில்லை. ஆங்கிலத் தாளை எடுத்து என் முன்னால் விரித்து, “இதுல எந்த எடத்துல உறுதின்னு இருக்கு?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

இந்தச் சொல்லில் உறுதி இல்லை. அதுதான் அதன் வேலையே. ஒரு சங்கதி நூற்றுக்கு முப்பது நம்பும்படி இருந்தது, இப்போது நாற்பது ஆகியிருக்கிறது. அறுபது இன்னும் பாக்கி. அந்தப் பத்துக்குத்தான் ‘லெண்ட்ஸ் கிரீடன்ஸ்’ என்று பெயர். எழுதுகிறவர் தன் கழுத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுதும் சொல் இது. ‘நான் சொல்லவில்லை, காலி நாற்காலி சொல்கிறது’ என்பது போல.

8 ஆகஸ்ட், காலை 7.05

முப்பது, நாற்பது என்று நேற்று நான் விளையாட்டுக்குப் போட்ட எண்களை நிஜமாகவே போடும் கூட்டம் ஒன்று உண்டு. தத்துவத்துறையில் கிரீடன்ஸ் என்றால் 0 முதல் 1 வரை அளவு போட்ட நம்பிக்கை. நாளை மழை வரும் என்பதில் என் கிரீடன்ஸ் 0.7 என்று கூச்சமில்லாமல் எழுதுவார்கள். பன்மையில் ‘கிரீடன்சஸ்’ என்றும் எழுதுவார்கள். பத்திரிகை ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் பிழைதிருத்துகிறவர் வட்டம் போடுவார், ஏனென்றால் அங்கே இது தண்ணீர், மணல் போல எண்ண முடியாத பெயர்.

கேம்பிரிட்ஜில் ஃப்ராங்க் ராம்ஸி 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். நம்பிக்கையை எப்படி அளப்பது என்பதற்கு அவர் வழி, பந்தயம். ஒருவர் எந்த விகிதம் வரைக்கும் பணம் கட்டத் துணிவார் என்று பார், அதுதான் அவர் நம்பிக்கையின் அளவு. டீக்கடையில் “எவ்வளவு பந்தயம்?” என்று கேட்டதும் பாதிப் பேச்சு அடங்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கட்டுரை அச்சானது 1931இல். ராம்ஸி 1930 ஜனவரியிலேயே போய்விட்டார், 26 வயதில். அவர் நாத்திகர். அவருடைய தம்பி மைக்கேல் பிற்காலத்தில் கேன்டர்பரி பேராயர் ஆனார். ஒரே வீட்டில் ஒருவர் நம்பிக்கையை அளந்தார், இன்னொருவர் போதித்தார்.

8 ஆகஸ்ட், காலை 7.30

சேர்க்க வேண்டியது: ராம்ஸி ‘நம்பிக்கையின் அளவு’ என்றுதான் எழுதினார். கிரீடன்ஸ் என்ற சொல்லைச் ‘சான்ஸ்’ என்பதற்கு எதிரே நிறுத்திப் பிரபலமாக்கியதில் டேவிட் லூயிஸின் 1980 கட்டுரைக்குப் பெரிய பங்கு. சான்ஸ் உலகத்தில் இருப்பது, கிரீடன்ஸ் மண்டையில் இருப்பது. நாணயத்தைச் சுண்டினால் தலை விழ வாய்ப்பு பாதி என்று உனக்குத் தெரிந்தால், உன் நம்பிக்கையும் பாதியாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். அதை வைத்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

8 ஆகஸ்ட், மதியம் 1.15

நாணயம் என்று எழுதினேனா, சோறு இறங்கவில்லை. தமிழில் நாணயம் காசும்தான், நேர்மையும்தான். ‘நாணயமான ஆள்’. ஆங்கிலத்தில் கிரெடிட் அப்படியே இதே இரட்டை வேடம்: கடைக்காரர் தரும் கடனும் அதுதான், ஒருவர் சொல்லுக்கு உள்ள மதிப்பும் அதுதான். 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் குறுக்கு விசாரணையில் சாட்சியின் ‘கிரெடிட்டை’ அசைக்கலாம் என்று 146ஆம் பிரிவு சொல்லும். 155 அதைக் குலைக்கும் வழிகளைச் சொல்லும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன, வக்கீல்கள் இன்னும் பழைய எண்ணையே சொல்கிறார்கள்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவன் கேட்ட கேள்வி கிரெடிட்டில் வந்து நிற்கிறது பார்.

பத்திரிகையை விட்ட பிறகு நான் நீதிமன்றத் தாள்களை மொழிபெயர்த்துத்தான் பிழைக்கிறேன். அங்கே கிரெடிட்டும் கிரீடன்ஸும் ஒரே பக்கத்தில் வரும். கிரெடிட் சாட்சிக் கூண்டில் நிற்பவருடையது. கிரீடன்ஸ் மேலே உட்கார்ந்திருப்பவர் தருவது. நல்ல மனிதர் சொன்ன ஒரு விவரம் நம்ப முடியாததாக இருக்கலாம். ஊரறிந்த பொய்யர் ஒருநாள் உண்மை சொல்லி, மருத்துவ அறிக்கையும் அதோடு ஒத்துப்போனதால் நம்பப்படலாம். இரண்டுக்கும் ‘நம்பகத்தன்மை’ என்றே போட்டுக்கொண்டு போனால் தீர்ப்பில் யார் யாரை நம்பினார் என்பதே கலங்கிவிடும். எனக்குக் கலங்கியிருக்கிறது. ஒரு வக்கீல் குமாஸ்தா தாளைத் திருப்பிக் கொண்டுவந்து, “சார், இதுல ஜட்ஜ் நம்பினாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

9 ஆகஸ்ட், இரவு 10.00

கிரெடிபிலிட்டி இருக்கும்போது இது எதற்கு என்று தம்பி கேட்டதற்கு இப்போதுதான் பதில் கிடைக்கிறது.

கிரெடிபிலிட்டி என்பது நம்பகம், அது விஷயத்தில் இருக்கிறது. கிரீடன்ஸ் என்பது நம்பிக்கை, அது கேட்பவரிடம் இருக்கிறது. ஆங்கிலேயர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்; ‘அந்தக் கதையில் கிரீடன்ஸ் இல்லை’ என்று கிரெடிபிலிட்டி வர வேண்டிய இடத்தில் இதை எழுதுகிறவர்கள் உண்டு. காரணம் ‘லெண்ட்’ தான். நம்பிக்கை சான்றிலிருந்து கிளம்பி நேராகக் கதைக்குள் போய் உட்கார்வது போல அந்த வாக்கியம் காட்டுகிறது. நடுவில் நம்புகிற ஆள் காணாமல் போய்விடுகிறார். ‘காலி நாற்காலி கிரீடன்ஸ் லெண்ட் செய்தது’ என்ற வாக்கியத்தில் நம்பியது யார்? நிருபரா, கட்சிக்காரர்களா, நானா? அந்த ராத்திரி நம்பியது நான் ஒருவன்தான்.

தமிழில் ஆளைத் தொலைப்பது இவ்வளவு எளிதில்லை. ‘நம்பிக்கை’ என்றாலே யாருக்கு என்று கேட்கும். ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று நாலாம் வேற்றுமையில் ஆள் வந்து நின்றால்தான் வாக்கியம் முடியும். விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டுமா, ‘நம்பும்படியாக இல்லை’ என்று வேறு கட்டு இருக்கிறது.

9 ஆகஸ்ட், இரவு 10.20

ரொம்பப் பெருமைப்பட்டுவிட்டேன். ‘என்று நம்பப்படுகிறது’ என்று நாங்களே இருபது வருடம் ஆளில்லாமல் எழுதித் தள்ளியிருக்கிறோம்.

11 ஆகஸ்ட், காலை 9.10

உச்சரிப்பு. ‘கிரீ’ நெடில். ‘கிரெடிட்’, ‘கிரெடென்ஷியல்’ இரண்டும் குறில், இது மட்டும் நெடில், ‘கிரீட்’ போல. நான் முப்பது வருடம் ‘கிரெடன்ஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தில் மட்டும் வாழும் சொல் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். வாயால் சொல்ல வேண்டி வரவே இல்லை, யாரும் திருத்தவும் இல்லை. பேச்சில் அவர்கள் ‘ஐ பிலீவ் இட்’, ‘ஐ டோன்ட் பை இட்’ என்று முடித்துக்கொள்வார்கள்.

எழுத்துக்கூட்டலில் பலரும் ஒரு ‘ஈ’ கூடுதலாகப் போடுவதற்குக் காரணம் 1968இல் இந்தப் பெயரைச் சூடிக்கொண்ட அமெரிக்க ராக் குழு. அவர்கள் வேண்டுமென்றே இரட்டை ‘ஈ’ போட்டார்கள். பாட்டு கேட்டு வளர்ந்த எங்கள் சீனியர் ஒருவர் கடைசிவரை அப்படித்தான் எழுதினார்.

12 ஆகஸ்ட், இரவு 8.30

கத்தோலிக்கக் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் சின்ன மேசை ஒன்று இருக்கும். அப்பம், திராட்சை இரசம், பாத்திரங்கள் எல்லாம் பீடத்துக்குப் போகும் முன் அதில் காத்திருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கிரீடன்ஸ் டேபிள்’. இத்தாலியில் ‘கிரெடென்சா’ என்றால் நம்பிக்கையும்தான், உணவு வைக்கும் பக்க மேசையும்தான். பிரபுவுக்குப் பரிமாறும் முன் வேலைக்காரர் அங்கே நின்று ருசி பார்ப்பார், விஷம் இல்லை என்று காட்ட. அந்தச் செயலுக்கும் அதே பெயர். அமெரிக்க அலுவலகங்களில் மேலாளர் முதுகுக்குப் பின்னால் கோப்பு அடுக்கும் நீள அலமாரிக்கும் அந்தப் பெயர்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் எதையும் ருசி பார்ப்பதில்லை.

யோசித்தால் மேசைக்காரர்தான் சொல்லைச் சரியாகப் பிடித்தவர். நம்பிக்கை சாப்பாட்டில் இல்லை. ஒருவர் தின்றுவிட்டு உயிரோடு நிற்கிறார், மற்றவர் பார்த்துவிட்டு நம்புகிறார்.

14 ஆகஸ்ட், மாலை 5.50

இன்று மெக்கானிக்கிடம் வண்டியை விட்டிருந்தேன். ‘பேரிங் போச்சு, மாத்திட்டேன்’ என்றார். பழைய பேரிங் எங்கே என்றேன். குப்பையில் போட்டாராம். பணம் கொடுத்தேன். வண்டி முன்பு போலவே ஓடுகிறது. முன்பும் நன்றாகத்தான் ஓடியது.

இதற்கும் பொருளாதாரத்தில் இதே சொல்தான். 1970இல் ஃபிலிப் நெல்சன் சரக்கை இரண்டாகப் பிரித்தார்: வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று, வாங்கி அனுபவித்தபின் தெரிவது இன்னொன்று. புடவை முதல் வகை, பிரியாணி இரண்டாம் வகை. 1973இல் டார்பி, கார்னி இருவரும் மூன்றாவதைச் சேர்த்தார்கள்: வாங்கியபிறகும் தெரியவே தெரியாது, சொன்னதை நம்ப வேண்டியதுதான். ‘கிரீடன்ஸ் குட்ஸ்’. அவர்கள் முன்வைத்தவை பழுதுபார்ப்பும் வைத்தியமும் போன்ற வேலைகள். நோயைக் கண்டுபிடிப்பவரும் அவரே, மருந்து விற்பவரும் அவரே. அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே ‘ஃப்ராடு’ என்ற சொல் இருக்கிறது. என் பேரிங் ஞாபகமாகவே வைத்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

15 ஆகஸ்ட், காலை 11.00

தூதர்கள். ஒரு நாட்டுத் தூதர் இன்னொரு நாட்டு அதிபரிடம் கொடுக்கும் கடிதத்துக்கு ‘லெட்டர் ஆஃப் கிரீடன்ஸ்’ என்று பெயர். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘நற்சான்றுப் பத்திரங்களைக் கையளித்தனர்’ என்று வரும். நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். இப்போது உறுத்துகிறது. நற்சான்று என்றால் பள்ளிக்கூடத்தில் வாங்கும் நன்னடத்தைத் தாள் மாதிரி இருக்கிறது. அந்தக் கடிதம் ஆளின் நடத்தையைச் சொல்ல வந்ததில்லை. ‘இவர் என் பெயரால் சொல்வதை முழுக்க நம்புங்கள்’ என்று ஒரு நாட்டுத் தலைவர் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்வது. அமெரிக்கக் கடிதங்களின் மரபு வாசகத்தில் ‘ஃபுல் கிரீடன்ஸ்’ என்றே இருக்கும். நம்புகிறவரிடமே நேரில் போய் நம்பிக்கையைக் கேட்கிற ஒரே இடம் இதுதான் என்று தோன்றுகிறது. வேறு சொல் என்னிடம் இல்லை. ‘நம்புகை ஓலை’ என்று வைத்தால் ராஜா ராணி நாடகம் ஆகிவிடும்.

18 ஆகஸ்ட், இரவு 11.55

8ஆம் தேதிக் குறிப்பில் இதை எண்ண முடியாத பெயர் என்று சொன்னேன். ஷேக்ஸ்பியர் இதன் முன்னால் ஒருமைக்குரிய ‘எ’ போட்டு ‘எ கிரீடன்ஸ்’ என்றே எழுதியிருக்கிறார். ஒரு நாடகத்தில் காதலி வேறொருவனோடு குலாவுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒருவன் புலம்புகிறான்: என் நெஞ்சில் இன்னும் ஒரு கிரீடன்ஸ் இருக்கிறது, அது கண்ணும் காதும் சொல்லும் சாட்சியையே தலைகீழாக்குகிறது என்று. சான்றுக்கு எதிராக நிற்கும் கிரீடன்ஸ்! பத்திரிகைக்காரர் கையில் எப்போதும் சான்றின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும் சொல், அங்கே சான்றை உதைத்துத் தள்ளுகிறது.

நெஞ்சு என்று அவன் சொல்வது பொருத்தம்தான். கிரீடன்ஸுக்கு மூலமான லத்தீன் ‘கிரேடோ’வின் (நம்புகிறேன்) வேர் ‘நெஞ்சை வைத்தல்’ என்று மொழியியலில் பலர் கொள்கிறார்கள். அதே வேரில் கிளைத்ததுதான் சமஸ்கிருதத்து ‘சிரத்தா’. அது தமிழுக்கு வந்து ‘சிரத்தை’ ஆயிற்று. கிரீடன்ஸும் சிரத்தையும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. திதி கொடுக்கும் சிராத்தமும் அந்த வீட்டுப் பெண்தான். நம்மிடம் வந்தபிறகு சிரத்தை, நம்புவதை விட்டுவிட்டுக் கவனத்தைப் பிடித்துக்கொண்டது. ‘சிரத்தையாகப் படி’ என்று என் அப்பா சொன்னதில் நம்பிக்கை எதுவும் இல்லை, அவருக்கு என்மேல் இருந்ததும் இல்லை.

19 ஆகஸ்ட், காலை 6.15

ராத்திரி அப்பாவை இழுத்தது வேண்டாத வேலை. அவர்தான் எனக்கு அந்த அகராதியை வாங்கிக் கொடுத்தவர்.

23 ஆகஸ்ட், இரவு 9.00

தம்பி மறுபடி கேட்கிறான்: ‘பாரோஸ்’ ஏன் விடையாகாது? லெண்ட் செய்ய ஒருவர் இருந்தால் பாரோ செய்ய ஒருவர் இருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. ஆனால் உன் வாக்கியத்தில் கடைசியில் ‘டு ஹிஸ் ஸ்டோரி’ என்று இருக்கிறது; ‘பாரோ’ வந்தால் ‘ஃப்ரம்’ வேண்டும், அதனால் இலக்கணப்படியே விழுந்துவிடும். இலக்கணத்தை விட்டாலும், கதை சான்றிடமிருந்து கிரீடன்ஸை ‘பாரோ’ செய்தது என்று நான் எங்கும் படித்ததில்லை. கொடுக்கிற பக்கம் மட்டும் உள்ள கடன்.

23 ஆகஸ்ட், இரவு 9.20

மெக்கானிக் போன் செய்தார். பழைய பேரிங் கிடைத்துவிட்டதாம், வந்து பார்க்கச் சொல்கிறார். என்னுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.